எலும்பு முறிந்த பிள்ளையின் வலி

(கருக்களாச்சேரியில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கக் கூட்டங்களில் கல்வி, சிக்கனம், ஒற்றுமை ஆகியவற்றைப் பற்றிப் பெரியோர் பலர் பேசக் கேட்டிருக்கிறீர்கள். அடியேன் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் சிறியதுபோல் தோன்றும். கீழே விழுந்து கையோ காலோ முறிந்த குழந்தை, கட்டுப் போட்ட பின்னர்ப் படும் வலியைப் பெற்றோர் எவ்வாறு அறிந்து, எவ்வாறு தணிக்கவேண்டும் என்பதே அது. இதற்கு ஒரு சொற்பொழிவா என்று சிலர் எண்ணலாம். இதனை அறியாமையால் ஒரு கை வீணாய்ப் போனதை என் வீட்டிலேயே கண்டவன் யான். ஆதலின், சொல்லாமல் விடுவது பிழையென்று கருதி உங்கள்முன் நிற்கிறேன்.

ஏறக்குறைய 60 ஆண்டுகளுக்கு முன்னர் என் தமையனார்க்கு 7 வயது, எனக்கு 5. கரையோரத்துச் சவுக்கு மரமொன்றில் ஏறி விளையாடியவர் பிடிதவறி வீழ்ந்தார். வலக்கையை ஊன்றி வீழ்ந்தமையால் முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தது. அக்காலத்து வழக்கப்படி எலும்பு கட்டும் வைத்தியர் ஒருவரிடம் கொண்டு சென்றனர். அவர் பெயரும் ஊரும் ஈண்டு வேண்டா. நல்ல மனத்தவர், காசுக்கு ஆசைப்பட்டவரல்லர். மூங்கிற் பத்தைகளை வைத்து, முட்டை வெண்கருவில் தோய்த்த துணியால் இறுகச் சுற்றிக் கட்டி அனுப்பினார்.

அன்றிரவு முழுதும் அண்ணன் அலறினார். மறுநாள் அலறல் கூடிற்று. அம்மா மீண்டும் ஓடிப்போய், "ஐயா, பிள்ளை கண்மூடவில்லையே, விரலெல்லாம் வீங்கிக் கறுக்கிறதே" என்று முறையிட்டார். "எலும்பு சேர்கிற வலியம்மா, பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்" என்று விடை வந்தது. கடலிலிருந்து மீண்ட அப்பாவோ, "நாளைக்குக் கடலுக்குப் போகிற பிள்ளை இப்படி அழலாமா?" என்றார். மூன்றாம் நாள் அழுகை நின்றது. வலி தீர்ந்ததென்று வீட்டார் மகிழ்ந்தனர். உண்மையில் மாண்டது வலியை உணரும் நரம்பு. கட்டவிழ்த்தபோது விரல்கள் பருந்தின் நகம்போல் வளைந்து விறைத்திருந்தன. அக்கை பின்னர் ஒருநாளும் துடுப்பைப் பிடிக்கவில்லை, வலைக்கண் கட்டவுமில்லை. அண்ணன் இடக்கையால் எழுதப் பழகி, மீன் ஏலத்தில் கணக்கெழுதி வாழ்நாளைக் கழித்தார்.

அன்பர்களே! "எலும்பு சேர்கிற வலி" என்னும் அந்த ஒரு தொடர்தான் அண்ணன் கையை அழித்தது. இன்றும் நம் தெருக்களில் அத்தொடர் வழங்குகிறது. ஆகவே இன்றைய என் பேச்சின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுங்காகச் சேர்கின்ற எலும்பின் வலி, வற்றுவெள்ளம்போல் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். ஏற்றவெள்ளம்போல் மணிக்கு மணி ஏறுகின்ற வலி எலும்பு சேர்வதைக் காட்டுவதன்று; ஆபத்து வந்துவிட்டதென்று குழந்தையின் உடல் இடுகின்ற கூக்குரல் அது.

குழந்தையின் எலும்பு நம்முடையதைப் போன்றதன்று. முருங்கைக் கொம்பு சடக்கென்று ஒடியும். பச்சைப் புளியங்கொம்போ ஒருபுறம் பிளந்து மறுபுறம் வளையும். சிறுபிள்ளைகளின் எலும்பு பலவேளைகளில் அப்படிப் பச்சைக்கொம்பு போலவே முறிகிறது. எலும்பைப் போர்த்திருக்கும் சவ்வும் அவர்கட்குத் தடித்தது. அச்சவ்வே புது எலும்பை விரைந்து வளர்ப்பதால், பெரியவர்க்குப் பல மாதம் பிடிக்கும் முறிவு குழந்தைக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் கூடிவிடும். இயற்கை குழந்தைக்கு அளித்த பெருங்கொடை இது. வலியும் அவ்வாறே: முதல் 2, 3 நாட்களே கடுமை. முறிந்த இடத்தில் வீக்கம் ஏறும் காலமும் அதுவே. அந்நாட்களைக் கடந்தபின் நாளுக்கு நாள் மருந்தின் தேவை குறையவேண்டும்.

குறையாமற் கூடுவது எதனால்? கையிலும் காலிலும் உள்ள தசைகள், எளிதில் விரியாத உறைகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. முறிவினால் உள்ளே இரத்தம் கசிந்து வீங்கும்போது, வெளியே இறுகிய கட்டும் சேர்ந்துகொண்டால், உள்ளழுத்தம் மிகுந்து இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. ஏறத்தாழ 6 மணி நேரம் அந்நிலை நீடித்தால் தசையும் நரம்பும் மாளத் தொடங்கும். மாண்ட தசை சுருங்கிக் கையை வளைத்துவிடும். ஜெர்மனி தேசத்து ஹாலே நகரில் அறுவை வைத்தியராயிருந்த ரிச்சர்ட் ஃபான் ஃபோக்மான் என்பார், இறுகிய கட்டினால் இவ்வூனம் உண்டாவதை 1881ஆம் ஆண்டிலேயே விரித்தெழுதினார். இன்றளவும் அவ்வூனம் அவர் பெயராலேயே வழங்குகிறது. என் தமையனார் வீழ்ந்தபோது அவ்வறிவு உலகுக்கு வந்து 80 ஆண்டுகளுக்கு மேலாயிருந்தது. நம் கரைக்குத்தான் வந்து சேரவில்லை.

தாய்மார்கள் மனத்திற் கொள்ளவேண்டிய அடையாளங்களைச் சொல்கிறேன். கட்டுப்போட்ட குழந்தை, மருந்து கொடுத்தும் அடங்காமல் மேன்மேலும் அழுகிறதா? அமைதியின்றித் துடிக்கிறதா? முன்னைவிட அடிக்கடி மருந்து கேட்கிறதா? விரல்களை மெல்ல நீட்டிப் பார்த்தால் வலியால் அலறுகிறதா? விரல்கள் வெளுத்தோ நீலம்பாரித்தோ குளிர்ந்தோ இருக்கின்றனவா? மரத்துப்போயிற்று, எறும்பு ஊர்கிறது என்று சொல்கிறதா? இவற்றுள் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர். எல்லா அடையாளமும் ஒருங்கே தோன்றும்வரை பொறுத்தலும் தவறு. விரல் வெளுத்து மரத்துப்போவதற்குள் காலம் கடந்திருக்கலாம். மிஞ்சிய வலியே முதல் அடையாளம். துணிக்கட்டாயின் உடனே தளர்த்துக. மாவுக்கட்டாயின் நேரே மருத்துவமனைக்குச் செல்க. அங்கே அதனைப் பிளந்து தளர்த்துவர். போகும் வழியில் கையை நெஞ்சின் மட்டத்திலே வைத்திருக்கவேண்டும். மேலே தூக்கிப் பிடித்தல் ஆகாது. வண்டி இல்லையேல் 108க்குச் சொல்லுங்கள். காரைக்கால் அரசு பொது மருத்துவமனை நமக்குத் தொலைவிலன்று.

நிற்க. நாட்டு வைத்தியரை இகழ்வதற்காக யான் இதனைச் சொல்லவில்லை. ஆந்திர நாட்டுப் புத்தூரில் எலும்பு கட்டும் கலை தலைமுறை தலைமுறையாய் நடந்துவருவதும், "புத்தூர்க் கட்டு" என்னும் பெயர் தமிழ்நாட்டு ஊர்தோறும் வழங்குவதும் யாவரும் அறிந்ததே. எவரிடம் சென்றாலும் இரண்டு காரியத்தை மட்டும் மறவாதீர். கட்டுமுன் ஒளிப்படம் எடுத்து எலும்பு எங்கே, எவ்வாறு முறிந்துள்ளது என்று அறிதல் ஒன்று. கட்டியபின் அழுகை மிகுந்தால், கட்டியவர் யாராயினும், அதனைத் தளர்த்தியே தீர்தல் மற்றொன்று. முறிந்த இடத்தில் எண்ணெய் தடவி உருவுவதும், இழுத்து நேராக்க முயல்வதும் கூடவே கூடா. அட்டையையோ மடித்த செய்தித்தாளையோ அணையாக வைத்து, அசையாதபடி தளர்வாகக் கட்டி எடுத்துச் செல்வதே வீட்டார் செய்யத்தக்க உதவி.

இனி, குழந்தையின் அழுகையை நாம் ஏன் நம்புவதில்லை? குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது, சீக்கிரம் மறந்துவிடும் என்னும் எண்ணம் பாமரர்க்கு மட்டும் உரியதென்று நினையாதீர். பெரும் படிப்புப் படித்த வைத்தியரும் நெடுங்காலம் அவ்வாறே நம்பினர். 1980ஆம் ஆண்டுகளிலுங்கூட மேல்நாடுகளில், பச்சிளங் குழந்தைகட்கு மார்பைத் திறந்து அறுவை செய்யும்போது, உடல் அசையாதிருக்க மருந்து கொடுத்தனரேயன்றி, வலி தீர்க்கும் வலுவான மருந்தைப் பெரும்பாலும் கொடுத்தாரில்லர். இந்தூர் நகரில் வைத்தியம் பயின்று ஆக்ஸ்போர்டுக்குச் சென்ற கன்வல்ஜீத் சிங் ஆனந்த் என்னும் நம் நாட்டவர், இக்குழந்தைகள் அறுவைக்குப்பின் மிகவும் சோர்ந்து திரும்புவதைக் கண்டு ஐயுற்றார். ஒரு சாரார்க்கு வலி தீர்க்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்து, மற்றொரு சாராரோடு ஒப்பிட்டார். மருந்து பெற்ற குழந்தைகளின் உடல் குறைவாக அலைக்கழிந்தது, பின்விளைவுகளும் குறைந்தன. 1987இல் இவ்வாராய்ச்சி வெளிவந்தபின் உலகத்து வைத்தியர் தம் வழக்கத்தை மாற்றத் தொடங்கினர். பேசவறியாச் சிசுவின் வலியே உண்மையாயின், "அம்மா, வலிக்கிறதே" என்று வாய்விட்டுச் சொல்லும் பிள்ளையை நம்பாமைக்கு நமக்கு என்ன நியாயம் உண்டு?

வலியை அளப்பதற்கும் வழி கண்டிருக்கின்றனர். சிரித்த முகம் முதல் கண்ணீர் வடிக்கும் முகம் வரை 6 முகங்களை வரைந்து, "உன் வலி எந்த முகம்?" என்று கேட்கும் முறை அமெரிக்காவில் 1980களில் தோன்றி எங்கும் பரவியுள்ளது. மூன்று வயது கடந்த பிள்ளைகளுட் பலர் விரலால் தொட்டுக் காட்டிவிடுவர். வீட்டுச் சுவரிலோ சிலேட்டிலோ நீங்களே வரைந்துகொள்ளலாம். காலையில் எந்த முகம், மாலையில் எந்த முகம் என்று குறித்துவைத்தால், வலி வற்றுகிறதா பெருகுகிறதா என்பது கண்கூடாகத் தெரியும். அதனினும் சிறிய குழந்தையாயின், முகச்சுளிப்பையும், கால் உதைத்தலையும், எடுத்து அணைத்தால் அடங்குகிறதா என்பதையும் கவனியுங்கள்.

மருந்தைப் பற்றிச் சொல்கிறேன். வைத்தியர் எழுதிக்கொடுத்தபடியே கொடுக்கவேண்டும் என்பது முதல் விதி. பெரும்பாலும் அவர் தருவது பாராசிட்டமால். குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை ஒரு வேளைக்கு அளவு. 6 மணிக்கு ஒருமுறையாக நாளொன்றுக்கு 4 முறைக்கு மேற்படலாகாது. இங்கே ஒரு பெரிய இடறல் உண்டு. கடைகளில் இம்மருந்து 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ளதாகவும், 250 மில்லிகிராம் உள்ளதாகவும் இருவகைப் புட்டிகளில் விற்கிறது. 17 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு முதல் வகையில் 10 மில்லி வேண்டும். இரண்டாம் வகையில் 5 மில்லியே போதும். புட்டி மாறியதைப் பாராமல் பழைய அளவையே ஊற்றினால் இருமடங்காய்விடும்; அளவு மிஞ்சினால் கல்லீரலுக்குக் கேடு. ஆதலால் புட்டியின்மேல் எழுதியிருப்பதைப் படித்தவர் ஒருவரைக்கொண்டு ஒவ்வொரு முறையும் படிக்கச் செய்யுங்கள். சமையற்கரண்டியால் அளவாதீர்; புட்டியுடன் வரும் அளவு மூடியையே பயன்படுத்துங்கள். சளிக்கும் காய்ச்சலுக்கும் விற்கும் மருந்துகள் பலவற்றுள்ளும் இதே பாராசிட்டமால் கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தல் ஆகாது.

அது போதாதபோது வைத்தியர் ஐபுபுரூஃபன் சேர்ப்பதுண்டு. உணவுக்குப்பின் கொடுக்கவேண்டிய மருந்து இது. வாந்திபேதியால் உடலில் நீர் வற்றியிருக்கும்போதும், டெங்குக் காய்ச்சல் என்று ஐயமிருக்கும்போதும் இது கூடாது. இம்மருந்து எலும்பு கூடுவதைத் தாமதிக்கும் என்றொரு பேச்சு உண்டு. குழந்தைகளிடம் நடந்த ஆராய்ச்சிகளில் அத்தகைய கெடுதி காணப்படவில்லை. வலுமிக்க மருந்தே சிறந்ததென்று எண்ணுவோர்க்கும் ஒரு செய்தி: எலும்பு முறிந்த குழந்தைகட்கு வாய்வழி மார்ஃபினையும் ஐபுபுரூஃபனையும் கனடா நாட்டில் ஒப்பிட்டு 2014இல் வெளியிட்டனர். இரண்டும் வலியை ஏறக்குறைய ஒரே அளவில் தணித்தன. மார்ஃபின் பெற்றோர்க்கே வாந்தியும் மயக்கமும் மிகுதி. கொடுக்கலாகாத மருந்துகளும் உள. ஆஸ்பிரினைக் குழந்தைக்கு வீட்டில் கொடுக்கவே கூடாது. நிமெசுலைடு என்பதை 12 வயதுக்குட்பட்டோர்க்குத் தருதலை இந்திய அரசினர் 2011இல் தடைசெய்தனர். கோடீன், டிரமடால் ஆகிய இரண்டும் அவ்வயதினர்க்கு மூச்சையே அடக்கிவிடலாம் என்று கண்டு, அமெரிக்க மருந்துத் துறையினர் 2017இல் அவற்றை விலக்கினர். பெரியவர் காலுக்கு வாங்கி வைத்த மாத்திரையைக் கிள்ளிப் பிள்ளைக்குக் கொடுக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டொழியுங்கள்.

மருந்து கொடுக்கும் வேளையும் முக்கியம். முதல் 2 நாட்களில் பிள்ளை அழத் தொடங்கட்டும் என்று காத்திராமல், கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். ஏறிவிட்ட வலியை இறக்குவது கடினம். ஏறாமற் காப்பது எளிது. படுக்கும் முன் ஒரு வேளை கொடுத்தால் பிள்ளையும் உறங்கும், வீடும் உறங்கும்.

மருந்தில்லாத உதவிகளும் பல. முறிந்த கையைத் தலையணைமேல் நெஞ்சுக்குச் சற்று உயர வைத்தால் வீக்கம் இறங்கும். நான் முன்னே சொன்ன ஆபத்தின் அடையாளம் இல்லாத சாதாரண வீக்கத்துக்கே இது பொருந்தும். பனிக்கட்டிக்கு நம் கரையில் பஞ்சமில்லை. அதனை நீர் கசியாத பையிலிட்டுத் துணி சுற்றி, கட்டின்மேல் 15 நிமிடம் வைத்தெடுக்கலாம். விரல்களை அடிக்கடி அசைக்கச் செய்யுங்கள். கட்டுக்குள் அரிப்பெடுத்தால் பிள்ளைகள் ஈர்க்குச்சியை உள்ளே விட்டுச் சொறிவர். அது தோலைக் கிழித்துச் சீழ்வைக்கும். வெளியே மெல்லத் தட்டிக்கொடுத்தாலே அரிப்பு அடங்கும். கடற்கரை மணல் உள்ளே புகாமலும், கட்டு நனையாமலும் காப்பது அவசியம்.

கதை சொல்லுங்கள். இது வேடிக்கைப் பேச்சன்று; மனம் வேறொன்றில் ஆழ்ந்திருக்கையில் வலி குறைந்து தோன்றும் என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. முன்னே குறித்த ஃபோக்மான், 1870, 1871ஆம் ஆண்டுகளில் பாரிஸ் முற்றுகையின்போது படை வைத்தியராயிருந்து, அங்கிருந்தபடியே தம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதைகள் எழுதி அனுப்பினார். பின்னர் அவை புத்தகமாகிப் பல பதிப்புகள் கண்டன. வளைந்த கைகளைக் கண்டு எழுதிய அதே விரல்கள்தாம் குழந்தைக் கதைகளையும் எழுதின. நமக்குக் கதைக்கா குறைவு? திமிங்கிலம் கண்ட கதையும் புயலில் கரைசேர்ந்த கதையும் ஒவ்வொரு தாத்தாவின் மடியிலும் உண்டு.

கட்டை அவிழ்த்தபின்னும் சில நாள் மூட்டு விறைத்திருக்கும்; சிறிது வலிக்கும். அப்போது எண்ணெய் போட்டு வலிந்து நீவுவதும், கை நீளட்டும் என்று மணல் நிறைந்த வாளியைத் தூக்கச் சொல்வதும் பெருந்தவறு. முழங்கையை அவ்வாறு வருத்தினால் தசைக்குள்ளேயே எலும்பு முளைத்து மூட்டு நிரந்தரமாய் இறுகிவிடக்கூடும். பிள்ளை தானே விளையாடித் தானே நீட்டிக்கொள்வதே நல்ல பயிற்சி. மரமேறுதலையும் துள்ளி விழும் ஆட்டங்களையும் மட்டும் வைத்தியர் சொல்லும்வரை தள்ளி வையுங்கள்.

முடிக்குமுன் ஒன்று கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் என் பேரனுக்கும் அதே இடத்தில், முழங்கைக்கு மேலே, எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினர். அன்றிரவு மருந்து கொடுத்தும் அழுகை அடங்கவில்லை. நள்ளிரவு. "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். திண்ணையிற் படுத்திருந்த அண்ணன் எழுந்து வந்தார். பிள்ளையின் விரலை மெல்ல நீட்டினார், பிள்ளை அலறிற்று. வளைந்த தம் வலக்கையால் அவனை மார்போடு அணைத்துக்கொண்டு, "இவன் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். வண்டியைக் கூப்பிடு" என்றார். மருத்துவமனையில் வீக்கம் மிகுந்திருப்பதைக் கண்டு கட்டை நெடுகப் பிளந்து தளர்த்தினர். சிறிது நேரத்தில் பிள்ளை அண்ணன் மடியிலேயே உறங்கிப்போனான். இன்று அவன் இரு கையாலும் வலை வீசுகிறான்.

துன்பம் பொறுத்தல் நம் குலத்துக்குப் புதிதன்று. 2004 டிசம்பர் 26இல் பேரலை வந்து வாரிக்கொண்டு போன பின்னும், இக்கரையில் மீண்டும் படகைத் தள்ளியவர்கள் நாம். அப்பொறுமை பெரியவர்க்கு அணி. ஆயினும் அதனை ஏழு வயதுப் பிள்ளையிடம் கேட்பது முறையாகாது. அழுகை அவனுக்கு இருக்கும் ஒரே மொழி. அதனைக் கேட்பதே நம் கடமை.

இச்சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். இரவில் வண்டிக்கு வழியில்லாத குடும்பத்துக்கு உதவச் சிறு தொகையொன்றை ஒதுக்கி, அதனை வைத்திருப்பவர் யார் என்பதை ஊரறியச் செய்யுங்கள். எந்தத் தாயும் விடியலுக்காகக் காத்திருக்கவேண்டாதிருக்கட்டும்.